எந்தப் பத்தியத்துக்கு எந்தப் பழம்?



குடல் நோயுள்ள குழந்தைக்கு ‘பழம் நல்லது’ என்று பொதுவாக எழுதுவது போதாது. பத்தியத்துக்குப் பத்தியம் பழமும் பக்குவமும் மாறும். நியூயார்க் குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ் 1924-இல் வாழைப்பழ உணவுமுறையை வெளியிட்டார். அவர் வழியில் வளர்ந்த, மாவுச்சத்தை விலக்கும் ‘ஸ்பெசிஃபிக் கார்போஹைட்ரேட்’ பத்தியத்தில், வாழைப்பழத் தோலில் கரும்புள்ளி விழுந்திருக்க வேண்டும். அதற்குள் மாவுச்சத்தின் பெரும்பகுதி சர்க்கரையாகிவிடும். ஆப்பிளைத் தோல் சீவி, விதை நீக்கி, சிறிது நீரில் குழைய வேகவைத்து, வடிகட்டியில் மசித்துத் தருவார்கள். விரலால் நசுக்கினால் கட்டி தட்டுப்படக் கூடாது. வயிற்றுப்போக்கு அடங்கும்வரை வேகவைக்காத பழம் கிடையாது.

குடலில் எளிதில் நொதிக்கும் சர்க்கரைகளைக் குறைக்கும் ‘லோ ஃபாட்மேப்’ பத்தியத்திலோ இது தலைகீழ். அங்கே ஆப்பிளும் பேரிக்காயும் முதல் கட்டத்தில் விலக்கு. வேகவைத்தாலும் அவற்றிலுள்ள, அவ்வாறு நொதிக்கும் சார்பிடால் போகாது. வாழைப்பழமும் அதிகம் கனியாததே ஏற்றது. இரண்டு பத்தியங்களையும் கலந்து சமைக்கும் வீட்டில் குழந்தைதான் வலியில் துடிக்கிறது. பெற்றோர் காரணம் தெரியாமல் தவிக்கிறார்கள்.

பத்திரிகைகள் பழக் குறிப்பு வெளியிடும்போதெல்லாம் அது எந்தப் பத்தியத்துக்கு உரியது என்பதைத் தலைப்பிலேயே அச்சிடலாம். புதிய பழத்தை ஒவ்வொன்றாக, சில நாள் இடைவெளியில், உணவியல் நிபுணரைக் கேட்டே சேர்க்க வேண்டும் என்ற வரியும் உடன் இருக்கட்டும்.

— ஒரு வாசகர்