பழைய மோட்டாரும் வழுக்கும் வைப்பர் கையும்

மோட்டார் வண்டி உடையார் பலர் எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுவதிலும் சக்கரங்களுக்குக் காற்றடைப்பதிலும் செலுத்தும் கருத்தில் நூற்றிலொரு பங்கேனும் முன் கண்ணாடியின் நீரைத் துடைக்கும் வைப்பரின்மேற் செலுத்துவதில்லை. ஆண்டிற் பெரும்பகுதி அதற்கு வேலையில்லாமையே இதற்குக் காரணம் போலும். ஐப்பசித் திங்களில் அடைமழை தொடங்கியவுடன்தான் அதன் நினைவு வருகின்றது. அப்பொழுது சுவிட்சைத் திருப்பினால் உள்ளே மோட்டார் ஓடும் ஓசை கேட்கின்றது. இரண்டு கைகளுள் ஒன்று ஒழுங்காய்ச் சென்று மீள்கின்றது. மற்றொன்றோ பாதி வழியில் நின்று நடுங்குகின்றது, அன்றிக் கண்ணாடியின் அடியிலேயே கிடக்கின்றது. 'கை வழுக்குகிறது' என்று பட்டறைகளிற் கூறுவது இதனையே. அங்ஙனம் வழுக்குவது ஓட்டுவோன் பக்கத்துக் கையாய், நேரமும் இரவாய் இருப்பின், எதிர்வரும் லாரியின் விளக்கொளி கண்ணாடியில் நிற்கும் ஒவ்வொரு துளியிலும் பட்டுச் சிதற, வழியோரம் நடப்பவனும் புளியமரமும் ஒன்றாகவே தோன்றும். ஆதலின் உறுப்புச் சிறிதாயினும் அதனை நம்பி நிற்பது உயிர்.

இக்குறையைத் தீர்க்கும் வகையைப் பற்றியே ஈண்டுச் சில சொல்லப் புகுந்தோம். எமது கட்சி இது: வழுக்கிய கையை இனி வழுக்கவே இயலாதபடி பசையிட்டு ஒட்டுவதும் பற்றவைப்பதும் பழுதுபார்த்தல் ஆகா. அவை சிறு குறையைப் பெருங்குறையாக்கும் வழிகள். இவ்வழக்கம் நம் நாட்டுப் பட்டறைகளிற் பரவியிருத்தலின் இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

கை தண்டோடு பொருந்தியிருக்கும் முறையை முதலில் நோக்குக. முன் கண்ணாடியின் அடியில், வண்டியின் உடலினின்று எஃகுத் தண்டு ஒன்று வெளிப்பட்டு நிற்கும். அதன் தலையைச் சுற்றிலும் நுண்ணிய பற்கள் வெட்டப்பட்டிருக்கும். கையின் அடிப்பகுதியில் உள்ள துளை இப்பற்களின்மேல் அமர்ந்து அவற்றைக் கவ்விக்கொள்ளும். அக்காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் கை அழுத்திச் செருகப்பட்டு ஒரு சிறு வில்லினால் நிறுத்தப்படும். வேறு பல வண்டிகளில் மேலே ஒரு நட்டினால் இறுக்கப்படும். தண்டு எஃகு, கையின் அடிப்பகுதியோ பெரும்பாலும் துத்தநாகக் கலவையிலோ அலுமினியக் கலவையிலோ வார்க்கப்பட்ட மெல்லிய உலோகம். நட்டுச் சிறிது தளர்ந்ததும், எஃகுப் பற்கள் மென்மையான உலோகத்தை அரம்போல் அராவிவிடுகின்றன. பற்கள் தேய்ந்தபின் நட்டை எத்துணை முறுக்கினும் பயனில்லை.

இங்குச் செயற்படும் விசை எவ்வளவென்பதை நெம்புகோலின் கணக்கை வகுப்பிற் கற்ற மாணவர் எவரும் தாமே கண்டுகொள்ளலாம். தண்டின் மையத்தினின்று ரப்பர்ப் பட்டையின் நடுவிடம் 30 சென்டிமீட்டர் தொலைவிலும், பற்கள் 5 மில்லிமீட்டர் தொலைவிலும் உள்ளனவென்று கொள்வோம். கண்ணாடி ரப்பரைத் தடுக்கும் விசை யாதோ, அதனைப்போல் அறுபது மடங்கைப் பற்கள் தாங்குதல் வேண்டும். கண்ணாடி நனைந்திருக்கும்போது உராய்வு சிறிது. காய்ந்து புழுதி படிந்திருக்கும்போதோ பன்மடங்கு மிகும். மழையில்லாத நாளில் புழுதியைத் துடைக்க வைப்பரை ஓட்டுபவர் தம் பற்களையல்லவோ அராவுகின்றனர்! (வண்டியின் பற்களைத்தான் சொல்லுகின்றோம்.) வண்டியைத் துடைக்கும் சிறுவன் கையைத் தூக்கி நிறுத்தாமல் பக்கவாட்டில் தள்ளிவிட்டுக் கண்ணாடியைத் தேய்ப்பதும் இதற்கு நிகரான தீங்கே, அவனை வைவதினும் ஒருமுறை செய்து காட்டுதல் நன்று.

நிற்க. கையின் உலோகம் ஏன் எஃகாய் இராமல் மென்மையாய் இருக்கின்றது? தடுப்பு நேருமிடத்து முதலில் விட்டுக்கொடுக்கட்டும் என்று கருதி அமைத்தனராயினும், விலை மலிவு கருதி அமைத்தனராயினும் பயன் ஒன்றே. அமெரிக்காவில் அலபாமா மாகாணத்து மேரி ஆண்டர்சன் என்னும் அம்மையார் 1903-ஆம் ஆண்டிற் பதிவுரிமை பெற்ற துடைக்குங் கருவி, வண்டிக்குள் இருந்தபடியே கைப்பிடியால் இயக்கப்படுவது. அதில் தடை நேர்ந்தால் ஓட்டுவோன் அதனைத் தன் கையாலேயே உணர்ந்து நிறுத்திவிடுவான். பின்வந்த மின்சார மோட்டாருக்கு அவ்வுணர்ச்சி இல்லை. மரக்கிளையோ, கண்ணாடியில் ஒட்டிப்போன ரப்பரோ தடுக்கும்போது அது தள்ளிக்கொண்டே இருக்கும். அந்நிலையில் மெல்லிய பற்கள் தேய்ந்து கையை வழுக்கவிட்டு மோட்டாரைக் காக்கின்றன. அவற்றை ஒட்டியோ பற்றவைத்தோ விட்டால் அவ்விசை முழுதும் உள்ளே செல்லும். மோட்டாரின் சுருள் கரியும், அன்றிப் பல்லுள்ள கம்பியும் சிறு சக்கரங்களும் சிதையும். கையை மாற்றுவது சிறிது நேர வேலை. அவற்றை மாற்றுவதற்கோ முன்பலகையின் அடியிற் படுத்துப் பாதி நாள் போக்கவேண்டும். அப்பொழுதும் ஒட்டிய கை தண்டைவிட்டு வாராது. அறுத்தே எடுத்தல் வேண்டும்.

இனிச் செய்யத்தக்க முறை. முதற்கண் குறை இங்கேதான் உள்ளதா என்று தெளிக. தண்டின் தலையிலிருந்து கையின் அடிப்பகுதி வரை சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்து, கண்ணாடியை நனைத்து, வைப்பரை ஓட்டுக. கோடு இரண்டாய்ப் பிரிந்தால் வழுக்குவது இவ்விடமே. கோடு பிரியாமல் தண்டும் அசையாதிருப்பின் குறை உள்ளே உள்ளது. கையை நோவது வீண்.

பின்னர் நட்டைக் கழற்றி, கையை இருபுறமும் மெல்ல அசைத்து மேலே இழுக்கவும். ஸ்குரூடிரைவரைக் கொடுத்து நெம்பினால் சாயம் பெயரும், தண்டும் வளையும். கண்ணாடியின்மேல் தடித்த துணியொன்றை மடித்திட மறவற்க. வில்லின் விசையாற் கை திடீரென்று மடங்கி விழுந்து கண்ணாடி விரிந்த வண்டிகள் உண்டு. கழற்றியபின் தண்டின் பற்களை நோக்கினால் அவற்றின் இடுக்குகளில் வெண்மையான தூளும் உலோகச் சிதறல்களும் அடைந்திருக்கும். எஃகுப் பற்கள் தேய்ந்துவிட்டனவென்று பலர் மயங்குவது இதனாலேயே. கம்பித் தூரிகையாற் பற்களின் நீளவாட்டில் தேய்த்து, ஊசியால் இடுக்குகளைக் கிளறி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் பெரும்பாலும் பற்கள் புதியனபோல் வெளிப்படும். கையின் துளையையும் அவ்வாறே துடைத்துப் பார்க்கவும். சிறிதளவு பற்கள் எஞ்சியிருப்பின், கை முன்னினும் ஆழ்ந்து அமர்ந்து மீண்டுங் கவ்வும். முற்றும் வழுவழுப்பாகியிருப்பின் வேறு கை வாங்குவதே வழி. எஃகுப் பற்களே தேய்ந்திருப்பின் தண்டையும் மாற்றுதல் வேண்டும்.

மெல்லிய பித்தளைத் தகட்டையோ உப்புத்தாளின் துண்டையோ இடையிற் செருகி இறுக்குவாரும் உளர். மழையில் நடுவழியில் நின்றவன் வீடு சேர்வதற்கு அது நல்ல உபாயமே. அதனைக் குறை கூறோம். வீடு சேர்ந்தபின்னும் அதுவே போதுமென்று அடுத்த ஆண்டுவரை ஓட்டுவதைத்தான் குறை கூறுகின்றோம்.

மீண்டும் பொருத்துமுன், மோட்டாரை ஓட்டி அதன் சுவிட்சினாலேயே நிறுத்துக. தானாக ஒதுங்கி நிற்கும் அமைப்புடைய வண்டியாயின் தண்டு தன் ஓய்விடத்திற்கு வந்து நிற்கும். அந்நிலையில் கையைக் கண்ணாடியின் அடியோரமாய் வைத்து அழுத்துக. நட்டை முறுக்கும்போது மற்றொரு கையால் வைப்பரை அசையாமற் பிடித்துக்கொள்ளவேண்டும். இன்றேல் முறுக்கும் விசை உள்ளே உள்ள பற்சக்கரத்தின்மேற் போய் விழும். அளவு கடந்து முறுக்கினால் வார்ப்பு வெடிக்கும். ரப்பர் கட்டிப்பட்டிருந்தால் அதனையும் மாற்றுக. தண்டின் அடியில் இரண்டொரு துளி எண்ணெய் இடுக. தண்டு துருவேறி இறுகியிருந்ததே முதற் காரணமாயின், புதிய கையும் பழையதன் வழியே செல்லும். ஒரு வாரம் ஓடியபின் நட்டை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தல் நன்று.

பழைய வண்டிக்கு இத்துணை உழைப்பு வேண்டுமோ என்று கேட்பார் உளர். உத்தரபாராவில் 2014-ஆம் ஆண்டுவரை செய்யப்பட்டுவந்த அம்பாசிடர் வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. மழை அவற்றின் வயது கருதிக் குறைந்து பெய்வதில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் பழையது புதியது பாராது வைப்பரை வேண்டுகின்றன. பட்டறைக்காரர் ஒட்டிக் கொடுப்பதும் அவர் குற்றம் மட்டும் அன்று. வண்டியுடையார் 'ஐந்து நிமிஷத்தில் முடித்துக் கொடு' என்று தலைமேல் நின்றால் அவர் வேறென் செய்வார்? ஆதலின் இவ்வேலையை உடையவரே, அன்றி அவர் வீட்டில் இயந்திரநூல் பயிலும் மகனோ மகளோ, ஓர் ஓய்வுநாட் காலையிற் செய்துவிடுதல் எளிது. ஒரு ஸ்பேனர், ஒரு தூரிகை, சிறிது மண்ணெண்ணெய் ஆகிய இவற்றின் மேற்பட ஒன்றும் வேண்டா.

வேறு கை வேண்டியிருப்பின், சென்னைப் புதுப்பேட்டை போன்ற உதிரிப் பொருட் கடைத்தெருக்களில் தேடிப் பார்க்கலாம். செல்லுங்கால் பழைய கையையும் உடன் கொண்டுசெல்க. தண்டின் பருமனும் பற்களின் எண்ணிக்கையும் ஒவ்வாத கை, எத்துணைப் புதியதாயினும், முதல் மழையிலேயே வழுக்கிவிடும்.