நிஜார் புராணம்

அரசர்களின் கிரீடங்களைப் பற்றிச் சரித்திரம் எழுதியவர்கள் அநேகர். சிறுவர்களின் நிஜாரைப் பற்றி எழுத நம்மில் அதிகம் பேர் முன்வந்ததில்லை. கிரீடமோ ஒரு தேசத்துக்கு ஒன்றுதான். நிஜார் வீட்டுக்கு வீடு உண்டு. அது எப்போது குறுகிற்று, எப்போது நீண்டது என்று சற்றே விசாரித்துப் பார்த்தால், ஒவ்வொரு காலத்திலும் பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளை என்னவாக ஆக்க நினைத்தார்கள் என்பது விளங்கிவிடும். இந்த விசாரணைக்குப் பழவேற்காட்டு ஏரிக்கரையை விடத் தகுந்த இடம் கிடைப்பது அரிது.

ஏனெனில் பழவேற்காடு துணிக்குப் பேர்போன ஊர். போர்த்துகீசியர் அங்கே பதினாறாம் நூற்றாண்டில் வந்தார்கள். அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தர் 1613-இல் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டிக்கொண்டு, சுற்றுப்புறத்துத் தறிகளில் நெய்த கட்டம் போட்ட துணிகளைக் கப்பல் கப்பலாகக் கீழ்த்திசைத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். மலாய் நாட்டார் இன்றும் கட்டம் போட்ட கைலியைக் 'காயின் பெலிகாட்' என்கிறார்கள். அந்தப் பெலிகாட் வேறொன்றுமில்லை, நமது பழவேற்காடுதான். கடலுக்கு அப்பால் இத்தனை பேருடைய இடுப்புக்குத் துணி கொடுத்த அந்த ஊரில், ஏரிக்கரைக் குப்பத்துப் பிள்ளைகள் என்ன உடுத்தினார்கள்? அரைஞாண் கயிறும் கோவணமும்தான்!

இதைக் கேட்டு வாசகர்கள் இரக்கப்பட வேண்டியதில்லை. பழவேற்காட்டு ஏரி பெரும்பாலான இடங்களில் ஆளை மூழ்கடிக்கும் ஆழமுடையதன்று. வலைக்காரன் முழங்காலளவிலும் இடுப்பளவிலும் தண்ணீரில் நின்று வேலை செய்கிறான். நீண்ட துணி நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். உப்பு ஏறித் தோலை அறுக்கும். கோவணமோ நடையைத் தடுக்காது. கரையேறிய சற்று நேரத்தில் காய்ந்துவிடும். ஏழ்மை ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த உடையைத் தேர்ந்தெடுத்ததில் தண்ணீருக்கும் பெரும் பங்கு உண்டு.

கால்சட்டை என்பது நமக்கு அந்நியப் பொருள் என்பதை அதன் பெயர்களே சொல்லும். நிஜார் என்பது உருதுவின் 'இஜார்' என்ற சொல்லிலிருந்து வந்தது. டவுசர், இங்கிலீஷ் சொல் தமிழ் நாக்கில் புரண்ட புரளல். இலங்கைத் தமிழர் சொல்லும் 'களிசான்' போர்த்துகீசியர் விட்டுச் சென்றது. நாமாக ஒரு பெயர் வைக்க முயன்றபோது, மேலுக்குப் போடுவதுதான் சட்டை என்ற எண்ணம் மாறாமல், காலுக்கும் ஒரு சட்டை என்று 'கால்சட்டை' ஆக்கிக்கொண்டோம்.

மேனாட்டுப் பிள்ளைகளும் பிறந்தது முதல் கால்சராய் போட்டவர்கள் அல்லர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் அங்கே சிறு பையன்களுக்குப் பெண் குழந்தைகளைப் போலவே பாவாடை அணிவித்தார்கள். நாலு வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில் ஒரு நல்ல நாளில் முதல் கால்சராயைப் போடுவது குடும்பத்தில் ஒரு வைபவம். 1846-இல் விக்டோரியா ராணியின் மூத்த புதல்வனுக்கு, அப்போது அவனுக்கு வயது நாலு, மாலுமியின் உடையைப் போலவே ஒன்று தைத்து, அரச குடும்பத்தின் கப்பலில் உலவ விட்டார்கள். அந்தக் கோலத்தில் அவனை ஓவியமாகவும் தீட்டினார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? ஐரோப்பாவில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் மாலுமிகளாகிவிட்டார்கள். கடலையே பாராத பிள்ளைக்கும் கடற்காரன் உடை!

நமது தேசத்துக்கு அரை நிஜார் வந்த வழி வேறு. அது பட்டாளத்து வழி. 1846-இல் பெஷாவரில் லம்ஸ்டன் என்ற அதிகாரி திரட்டிய படைக்குப் புழுதி நிறத்தில் துணி சாயமேற்றப்பட்டது. 'காக்' என்றால் மண், அதிலிருந்து காக்கி. உஷ்ண தேசத்துக்கு ஏற்றபடி காலைக் குறைத்த காக்கி நிஜார் சிப்பாய்க்கும் போலீஸ்காரருக்கும் ஆயிற்று. பேடன் பவல் 1907-இல் தொடங்கிய சாரணர் இயக்கம் அதைச் சிறுவர்களுக்குக் கொடுத்தது. அந்த இயக்கம் இங்கே முதலில் இந்தியப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே, 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். ஐந்து வருஷம் கழித்து, 1921 செப்டம்பரில், காந்தியடிகள் மதுரையில் மேலாடையையும் நீண்ட வேஷ்டியையும் துறந்து முழத்துண்டுக்கு இறங்கினார். உடை குறைவதால் மனிதன் குறைந்துவிடுவதில்லை என்பதை உலகம் கண்டுகொண்டது. ஆனால் பள்ளிக்கூடத்து உடைப் பட்டியலை எழுதுகிறவர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு, காக்கி நிஜாரும் வெள்ளைச் சட்டையும் தமிழ்நாட்டு சர்க்கார் பள்ளிகளின் அடையாளமாகப் பல தலைமுறைகள் நிலைத்தன. 1985 முதல் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்குச் சீருடையையும் சர்க்காரே இலவசமாக அளித்தது. குப்பத்துப் பிள்ளையைக் கோவணத்திலிருந்து நிஜாருக்கு ஏற்றியது நாகரிக மோகமன்று, பள்ளிக்கூடம்தான். அந்த நிஜாரின் இலக்கணம் நம்மில் அநேகருக்குத் தெரியும். வளருகிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாகத் தைப்பது. அடியில் ஒரு சாண் மடிப்பு விட்டு வருஷத்துக்கு வருஷம் பிரித்து விடுவது. இடுப்பில் நிற்காவிட்டால் அரைஞாண் கயிற்றைத் துணைக்கு அழைப்பது. பின்பக்கம் தேய்ந்து கிழிந்தால் 'தபால் பெட்டி' என்று சகபாடிகளின் பரிகாசத்துக்கு ஆளாவது.

1970-களில் சினிமாவின் புண்ணியத்தால் பெல்பாட்டம் வந்து தெருவைக் கூட்டிற்று. அதுவும் ஆதியில் மாலுமிகளின் உடைதான். கப்பல் தளத்தைக் கழுவும்போது சுலபமாகச் சுருட்டிவிடலாம் என்பது அந்த அகன்ற வாய்க்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. 2010-களில் ஆறாம் வகுப்பிலிருந்தே முழுக்கால் சட்டை என்றாயிற்று. அரை நிஜார் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒதுங்கிற்று. ஆனால் விந்தையைப் பாருங்கள்: பள்ளிக்கூடம் தள்ளிய அரை நிஜாரை இன்று பட்டணத்துக் கனவான்கள் பெர்முடா என்ற பெயரில் விலை கொடுத்து வாங்கிக் கடற்கரையில் உலவுகிறார்கள். ஏரியில் வலை வீசும் இளைஞரும் அதையே அணிகிறார்கள். முன்னவருக்கு அது மோஸ்தர். பின்னவருக்கு அது கோவணத்தின் வாரிசு.

ஆக, மேனாட்டிலே மாலுமியின் உடை அரண்மனைக்கு ஏறிற்று. இங்கே கடலிலும் ஏரியிலும் பிழைப்பவன் பிள்ளைக்கு நாம் குமாஸ்தாவின் உடையைத் தைத்தோம். தைத்ததில் தவறில்லை. முகத்துவாரம் மணல் தூர்ந்து, ஏரியில் மீன் குறைந்து வரும் நாளில், தன் மகன் வேறு தொழிலுக்குப் போகட்டும் என்று ஒரு தகப்பன் விரும்பினால் அவனைக் குறை சொல்ல நாம் யார்? முழுக்கால் சட்டை அவனுக்குத் துணியன்று, நம்பிக்கை.

என் கவலை வேறு. கால்சட்டை நீண்டவுடன், முழங்கால் தெரிய நிற்கும் தகப்பன் பிள்ளையின் கண்ணுக்குச் சிறியவனாகிவிடக் கூடாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில், எந்த இடத்தில் யார் என்று வலை வைப்பது என்பதைப் 'பாடு' என்ற முறைப்படி சீட்டுப் போட்டு முடிவு செய்துகொள்கிறார்கள். வலியவன் எளியவனைத் தள்ளாமல் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் இந்த ஏற்பாடு எந்தக் குடிமைப் பாடத்துக்கும் சளைத்ததன்று. காற்றையும் நீரோட்டத்தையும் இறால் வரும் பருவத்தையும் அறிந்தவன் படியாதவன் ஆகமாட்டான்.

ஆகவே உபாத்தியாயர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். பள்ளிக்குப் போகும்போது பிள்ளை கால்சட்டையை எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் அணியட்டும். ஏரியில் இறங்கும்போது அதை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிடவும் அவனுக்குத் தெரிந்திருக்கட்டும். எந்தத் தையற்காரரும் அதற்கு இடம் விட்டுத்தான் தைப்பார். நாமும் அவ்வாறே இடம் விட்டு வளர்ப்போமாக!