கடைக்கொரு தீ எச்சரிக்கை மணி



ஆயத்த ஆடை மொத்த வணிகம் செய்யும் வாசகர் ஒருவர் மடல் வரைந்துள்ளார். கீழே கடை, முதல் மாடியில் சரக்கறை, அதற்கும் மேலே ஊரிலிருந்து வேலைக்கு வந்த ஆறு பிள்ளைகள் உறங்கும் அறை. தீ எச்சரிக்கை மணி பொருத்துவதற்காக மூவரிடம் விலைப்பட்டியல் வாங்கினாராம். மூன்றும் மூன்று தொகை. எதை ஏற்பது என்று கேட்கிறார்.

கிதாபு ஓதிக் கொடுப்பவனிடம் கேட்கும் கேள்வியா இது என்று நீங்கள் நகைக்கலாம். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு குடியிருந்தோரோடு எரிந்துபோன செய்தி எட்டியபோது, தீயைப் பகையெனக் கொண்டு உறங்குமுன் அணைத்துவிடும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்பதைப் புகாரியில் காண்கிறோம். அன்று அணைக்க வேண்டியிருந்தது ஒரு விளக்குத் திரி. இன்று சுவருக்குள் ஓடும் மின்கம்பியை எவர் ஊதி அணைப்பது? நாம் உறங்கும்போது விழித்திருக்க ஒரு கருவி வேண்டியிருக்கிறது. அதை வைப்பது தவக்குலுக்கு மாறானதன்று.

துணிப்பொதியில் பற்றும் நெருப்பு பெரும்பாலும் உடனே கொழுந்துவிடுவதில்லை. உள்ளுக்குள் கனன்று நெடுநேரம் புகையும். ஒளியைக் கொண்டு புகையை உணரும் வகையே சரக்கறைக்கு ஏற்றது. அயனி வகை என்று ஒன்றுண்டு. அது சுடர்விட்டு விரைந்தெரியும் தீயை முந்திக் காணும், கனலும் தீயில் பிந்தும். தேநீர் போடும் மூலையில் புகையுணர் கருவியை வைத்தால் நாள்தோறும் கூவும். அங்கே வெப்பத்தை உணரும் கருவி போதும். வியாழன் மாலை சாம்பிராணி போடும் வழக்கம் உங்கள் கடையில் இருந்தால் அதையும் பொருத்துபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறிய செய்திதான். ஆனால் நான்கு நாள் வீணாக ஒலித்த மணியை ஐந்தாம் நாள் எவரேனும் பிடுங்கி வைத்துவிடுவார்.

பிடுங்காவிட்டாலும் செவி மரத்துப்போகும். டாக்காவை அடுத்த தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் 2012 நவம்பர் 24 அன்று மணி ஒலிக்கத்தான் செய்தது. மேற்பார்வையாளர்கள் தங்களை மீண்டும் வேலையில் அமரச் சொன்னதாக உயிர் தப்பியோர் கூறினர். நூற்றுக்கும் மேற்பட்ட ஏழைத் தொழிலாளர் மாண்டனர்.

இனி விலை வேறுபாட்டுக்கு வருவோம். கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருவகை உண்டு. பழைய வகை, கட்டடத்தைப் பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் புகை என்று மட்டும் காட்டும். மற்றொன்று ஒவ்வோர் உணர்கருவிக்கும் தனி எண் கொடுத்து, எந்த அறை என்றே சொல்லிவிடும், விலையும் கூடுதல். பல அறைகள் கொண்ட பெரிய மாளிகைக்கு அது தேவை. உங்கள் மூன்று தளத்துக்குத் தளத்துக்கொரு பகுதியாகப் பிரித்த முதல் வகையே போதுமென்பது என் கருத்து. மிச்சமாகும் பணத்தை நல்ல மின்கலத்திலும் தீயைத் தாங்கும் கம்பியிலும் போடுங்கள். தீ மூண்டால் மின்சாரம் துண்டிக்கப்படும். மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 2189 விதிப்படிப் பொருத்துவீர்களா, ஆண்டுதோறும் பராமரிப்பது யார் என்பவற்றையும் கேளுங்கள். கடையை ஏறிப் பார்க்காமலே தொகை எழுதித் தந்தவர் இருந்தால் அவரை முதலில் விலக்கிவிடுங்கள். தனித்தனியே ஒலிக்கும் மலிவான சிறு கருவிகளும் உமக்கு உதவா. சரக்கறையில் அது கத்தினால் மேலே உறங்கும் பிள்ளைக்குக் கேட்குமா? எந்தத் தளத்தில் புகைந்தாலும் அவர்களின் தலைமாட்டில் ஒலிக்க வேண்டும்.

மடலைப் படித்ததும் என் மனம் அந்த ஆறு பேரிடம்தான் சென்றது. இரவில் கடையை வெளியே பூட்டிவிட்டுத் திறவுகோலை வீட்டுக்குக் கொண்டுசெல்வது நம் வணிகர் பலரின் வழக்கம். சரக்குக் களவு போகுமே என்ற அச்சம் அது. டில்லி அனாஜ் மண்டியில் 2019 டிசம்பர் 8 விடியற்காலையில் பை தைக்கும் பட்டறைகள் இருந்த கட்டடம் எரிந்தது. வேலை செய்த இடத்திலேயே உறங்கிய தொழிலாளர். இறந்தவர் 43 பேர். பெரும்பாலோரைக் கொன்றது சுடரன்று, புகை. பெற்றோர் நம்மை நம்பி அனுப்பிய பிள்ளைகள் நம்மிடம் அமானிதம். சரக்குக்குக் காப்பீடு உண்டு, அவர்களுக்கு என்ன உண்டு?

ஆகவே, அன்பரே, உள்ளிருந்து திறக்க இயலாத கதவு உங்கள் கடையில் இருந்தால் விலைப்பட்டியல்களை ஒருவாரம் ஒதுக்கிவையுங்கள். கொல்லரை அழைத்து, உள்ளே தாழ்ப்பாள் கொண்ட இரண்டாம் வழி ஒன்றை அமையுங்கள். படிக்கட்டில் அடுக்கிய அட்டைப் பெட்டிகளை அகற்றுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101 என்ற எண்ணை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அதன்பின் மணியைப் பொருத்துங்கள்.

பொருத்தியபின் இன்ஷா அல்லாஹ் ஓர் இரவு, இஷாவுக்குப் பின் அவர்கள் நன்கு உறங்கும் வேளை பார்த்து, சொல்லாமல் மணியை ஒலிக்கச் செய்யுங்கள். நீங்கள் தெருவில் நின்று கடிகாரத்தைப் பாருங்கள். ஆறு பேரும் இறங்கிவர எத்தனை நிமிடமாயிற்று என்று எனக்கு எழுதுங்கள். வஸ்ஸலாம்.