ஒப்பந்தமும் ஒப்புவித்தலும்

வரலாற்று நிகழ்வொன்றையும் அதன் விளைவுகளையும் பற்றி உரையாற்றப் புகும் மாணவர் பலர், 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைத் தெரிகின்றனர். இந்தியாவுக்கு 525,000 பேர். இலங்கைக்கு 300,000 பேர். எஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். கணக்கை ஒப்புவித்ததும் கரகோஷம் எழுகின்றது. பங்கிடப்பட்டோர் பொருள்களா, மாந்தரா?

டிக்கோயாத் தோட்டங்களில் இன்றும் முதியோர் உளர். உடன்பிறந்தோரைத் தலைமன்னாருக்கு வழியனுப்பிய கதையை அவர்கள் சொல்வர். அவர்களிடம் கேட்டெழுதுமாறு கூறினால், “வாய்மொழி சான்றாகாது, ஆவணம் வேண்டும்” என்கின்றனர் நம் நண்பர்.

இதே வாதத்தை முன்னரும் கேட்டிருக்கின்றோம். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் கேட்டதும் ஆவணமே. தந்தையும் இம்மண்ணிற் பிறந்தார் என நிறுவப் பத்திரமில்லாத தொழிலாளர் நாடற்றவராயினர். பத்திரமில்லை என்று நாடு தள்ளிய மக்களை, அதே காரணங்காட்டி வரலாறும் தள்ளுவதா?

ஆவணங்களை வேண்டாம் என்கிலோம். அவற்றை எழுதியோர் பங்கிட்டவர், பங்கிடப்பட்டவர் அல்லர். இரு தரப்பையும் கேளாத தீர்ப்பு நீதியாகாது. அவ்வாறே, ஒரு தரப்பை மட்டும் கேட்ட உரை வரலாறுமாகாது.

நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கி 2003இல் சட்டம் தன்னைத் திருத்திக்கொண்டது. நம் கட்டுரைகள் திருந்துவது எப்போது? முதியோர் மறையுமுன் லயத்து வாசலுக்குச் செல்வோம், எழுதுகோலுடன் செல்வோம்.