தன்மை ஒருமையில் ஒரு மலை

இலக்கியக் கூட்டமொன்று முடிந்து தேநீருக்காக நின்றிருந்தபோது, எங்கள் நேபாளப் பயணத்தைப் பற்றி நண்பர் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டார். "கணவாயைத் தாண்டவில்லையாமே, அப்புறம் எழுத என்ன இருக்கிறது?" என்பது முதற்கேள்வி. "மலையில் முடியாமற் போனது வீட்டம்மாவுக்குத்தானே?" என்பது இரண்டாவது. முன்னதற்குச் சிரித்து மழுப்பினோம். பின்னதற்கு இருவருமே வாய் திறக்கவில்லை. இரண்டும் ஒரே நோயின் இரு அறிகுறிகள் என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. தமிழின் மலைப்பயண எழுத்தை நெடுநாளாகப் பீடித்திருக்கும் அந்நோய்க்கு இலக்கணப் பெயரே இருக்கிறது: தன்மை ஒருமை.

அவ்வகைக் கட்டுரைகளின் வாய்பாடு வாசகர் அறியாததன்று. வைகறை, பனிமுகடு பொன்னாகிறது, எழுத்தாளர் தன்னந்தனியே நிற்கிறார், அகங்காரம் கரைகிறது. அகங்காரம் கரைந்ததாகச் சொல்லும் அந்தப் பத்தியில்தான் 'நான்' என்ற சொல் மிகுதியாக வரும். 'மனைவியும் உடன் வந்திருந்தாள்' என்று முன்பக்கங்களில் எங்கோ ஒரு வரி இருந்திருக்கும். அதன்பின் அவ்வம்மையாரைக் காணோம். பனிப்பிளவில் விழுந்தாரா, பாதிவழியில் பேருந்தேறி ஊருக்குப் போய்விட்டாரா என்று வாசகர்தாம் கவலைப்பட வேண்டும். மூட்டைகளோ தாமாகவே நடந்து அடுத்த விடுதிக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. இதனை அகத்தேடல் என்று அழைக்கிறார்கள். தேடுபவருக்குச் சோறு வடித்தவர் யாரென்ற தேடலும் சற்று இருந்திருக்கலாம்.

நாங்கள் போனது அன்னபூர்ணா மலைத்தொகுதியைச் சுற்றிவரும் பழைய பாதை. 1977இல் வெளிநாட்டவருக்குத் திறக்கப்பட்டது. இன்று ஜீப் மனாங் வரை ஏறுகிறது. ஆயினும் பேசிசஹரிலிருந்தே நடந்தோம். ஆளுக்கொரு முதுகுப்பை, சுமை தூக்க ஆள் வைத்துக்கொள்ளவில்லை. அதில் எங்களுக்கு ஒரு கர்வமும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. மர்ஸ்யாங்தி ஆற்றையொட்டி நெல்வயல்கள், பிறகு பைன் காடு, சாமே, மேல் பிசாங், பிறகு மரங்களே அருகிப்போன மனாங். கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர். அங்கே இரண்டு நாள் தங்கி உடலைப் பழக்கினோம். 1973இல் தொடங்கப்பெற்ற இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையமொன்று அவ்வூரில் பயணப் பருவத்தில் இயங்குகிறது. மருத்துவர் சொன்னவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்: 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும், தலைவலியோடு மேலே ஏறலாகாது, முற்றினால் கீழிறங்குவதே மருந்து, நோயுற்றவரைத் தனியே விடக்கூடாது.

எழுதிக்கொண்டதோடு சரி. யாக் கர்க்காவிலிருந்து புறப்பட்ட நாளில் தோரோங் பேதியில் தங்கியிருக்க வேண்டும். வெயில் நன்றாக இருந்தது, கால்கள் நன்றாக இருந்தன. மேல்முகாமுக்கே போய்விட்டால் மறுநாள் கணவாய் எளிதாகிவிடும் என்று இருவருமே ஆசைப்பட்டோம். ஒரே பகலில் 800 மீட்டர். மேல்முகாமின் உயரம் ஏறத்தாழ 4,900, கணவாய் 5,416.

மாலையில் எங்களில் ஒருவர் பூண்டு சூப்பைத் தொடவில்லை. தலைவலியா என்றதற்கு இல்லை என்றார். சிறிது நேரம் கழித்து, கேட்டதற்கே சினந்தார். மற்றவர் அதைக் களைப்பென்று எடுத்துக்கொண்டார். பதினொரு நாள் ஒன்றாக நடந்தபின் சினம் வருவது வியப்புமல்லவே. சரியாகப் பார்த்தவர் மூன்றாமவர். வேறொரு குழுவின் சுமையை நாம்லோ என்னும் நெற்றிப்பட்டையில் தாங்கிவந்த இளைஞர் அவர். (நேபாளியில் அண்ணனை 'தாய்' என்று விளிப்பார்கள், அவர் எங்களை அழைத்தபோதெல்லாம் தமிழ்க்காதுக்குச் சற்றே திகைப்பாயிருந்தது.) கழிப்பறைக்குப் போய்வந்தவரின் நடையைப் பார்த்துவிட்டு, குதிகாலைக் கால்விரலோடு ஒட்டவைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். நான்காவது அடியில் தள்ளாடிற்று. நோயுற்றவரோ, தரை கல்லும் முரடுமாக இருப்பதே காரணமென்று நியாயங்களோடு வாதிட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது அந்த வாதம்.

தலைவிளக்குகளின் ஒளியில் பேதிக்கு இறங்கினோம். ஒரு பையை அவ்விளைஞர் சுமந்தார். எங்களை விட்டுவிட்டு அந்த இரவிலேயே திரும்பவும் மேலேறிப் போனார். விடியுமுன் நான்கு மணிக்கு அவருடைய குழு புறப்பட வேண்டும். மறுநாள் யாக் கர்க்கா, அதற்கடுத்த நாள் மனாங். மனாங்கில் நோயுற்றவர் தேறிவிட்டார். கல்தரையைப் பற்றிய வாதம் அவருக்குச் சுத்தமாக நினைவில்லை.

எங்கள் வாதத்தின் மையம் இதுவே. காற்றில் உயிர்வளியின் பங்கு அங்கேயும் நூற்றுக்கு இருபத்தொன்றுதான். ஆனால் அக்கணவாயில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய பாதி. மூளை வீங்கத் தொடங்கினால் அதை உணர வேண்டிய உறுப்பே பழுதாகிறது. தன்னைப் பற்றிச் சாட்சி சொல்ல அந்த உயரத்தில் 'நான்' என்பவருக்குத் தகுதி குறைவு. அருகிலிருப்பவரே சாட்சி. அப்படியிருக்க, மலையில் அடைந்த ஞானத்தையெல்லாம் ஒற்றைக் குரலில், எவர் சரிபார்ப்புமின்றி எழுதிவைப்பதை நாங்கள் எப்படி நம்புவது?

இது தமிழுக்கு மட்டுமேயான குறையன்று. நாங்கள் சுற்ற முயன்ற அதே அன்னபூர்ணாவின் 8,091 மீட்டர் உச்சியை 1950 ஜூன் 3 அன்று மோரீஸ் ஹெர்ஸோகும் லூயி லாஷ்னலும் அடைந்தனர். எண்ணாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரமொன்றில் மனிதர் ஏறியது அதுவே முதன்முறை. குழுவினர் ஐந்தாண்டுகளுக்கு எதுவும் வெளியிடுவதில்லை என்று முன்னரே ஒப்பமிட்டிருந்தனர். எனவே 1951இல் தலைவர் ஹெர்ஸோகின் நூல் ஒன்றே வந்தது, உலகெங்கும் விற்றது, உச்சியில் அவரடைந்த பரவசத்தைப் படித்துத் தலைமுறைகள் மலையேறின. லாஷ்னல் 1955இல் பனிச்சறுக்கில் இறந்தார். மறுவருடம் வெளியான அவருடைய குறிப்புகள் வெட்டித் திருத்தப்பட்டவை. பதிப்பித்தவர் ஹெர்ஸோகின் சகோதரர். முழுவடிவம் 1996இல்தான் வந்தது. கால் உறையத் தொடங்கியதுமே லாஷ்னல் திரும்ப விரும்பியிருக்கிறார். தனியே போனால் ஹெர்ஸோக் திரும்பி வரமாட்டார் என்று கருதியதாலேயே கூடச் சென்றிருக்கிறார். நாட்டின் பெருமை அவர் கணக்கில் இல்லை. ஒரே கயிற்றில் கட்டப்பட்ட இருவர் என்பது இருந்தது. மலையேற்ற வழிகாட்டியாகப் பிழைத்த அந்த மனிதர் அதற்குக் கொடுத்த விலை, தம் கால்விரல்கள் அத்தனையும். விரல்களை இழந்த இருவரையும் நேபாளத்துத் தோள்களும் முதுகுகளும் வாரக்கணக்கில் சுமந்து இறக்கின. ஒரு 'நான்' எத்தனை பேரை விழுங்கமுடியும் என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று வேண்டுமா?

நம் மொழியில் மாற்று இல்லாமலுமில்லை. தமிழின் மிகச் சிறந்த பயண நூல்களில் ஒன்றாகிய 'நடந்தாய் வாழி காவேரி'யின் அட்டையில் சிட்டி, தி. ஜானகிராமன் என்று இரண்டு பெயர்கள் உள்ளன. 'நாம்' வேறு 'நாங்கள்' வேறு என்று பிரித்தறியும் மொழிக்காரர்கள் நாம். இருந்தும் இமயத்தைக் கண்டால் மட்டும் ஒருமைக்கு ஓடிவிடுகிறோம்.

நண்பரின் முதற்கேள்விக்கு வருவோம். தாண்டாதவனுக்கு எழுத என்ன இருக்கிறது? 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுத்ஹுத் புயலின் மிச்சம் 14ஆம் தேதி இதே தோரோங் வட்டாரத்தில் பனியாகக் கொட்டியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கணவாய்த் தேநீர்க்கடையில் ஒதுங்கியபின் இறங்க முயன்று வழி தவறியவர்கள் பலர். வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளுமான நேபாளியரும் அவர்களுள் உண்டு. இறந்தவர்கள்மேல் குற்றம் சாற்றுவது எங்கள் நோக்கமன்று. அன்று அங்கிருந்திருந்தால் நாங்களும் இறங்கியிருப்போம். ஆனால் தாண்டியவர் கதையே கதை, திரும்பியவர் கதை வெறும் செலவுக்கணக்கு என்று ஒரு வாசகச் சூழல் தீர்ப்பளித்துக்கொண்டிருக்கும்வரை, மேல்முகாமில் தலைவலியை மறைப்பவர்கள் இருக்கவே செய்வார்கள்.

கணவாய்க்கு அப்பால் உள்ள முக்திநாத்தை, கீழிறங்கி, பொக்காராவைச் சுற்றிக்கொண்டு சாலை வழியாகவே அடைந்தோம். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் இதுவே என்று வைணவர்கள் கொள்வதால் தமிழ்ப் பேச்சுக்குக் குறைவில்லை. நூற்றெட்டு நீர்த்தாரைகளில் நனைந்துவிட்டு மூச்சிரைக்க அமர்ந்திருந்தார் திருநெல்வேலிப் பக்கத்து மூதாட்டி ஒருவர். உறவினரல்லாத இன்னொரு பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கணவாயைக் காட்டி, அதன் மறுபக்கம் வரை வந்து திரும்பிவிட்டோம் என்றோம். "அப்படியா. சாப்ட்டாச்சா? எங்ககிட்ட புளியோதரை இருக்கு, எடுத்துக்கிடுங்க" என்றார்.

எஞ்சியிருப்பது இரண்டாவது கேள்வி. 'எங்களில் ஒருவர்' என்று ஆண்பால் பெண்பால் காட்டாமலே முழுக்கட்டுரையும் எழுதத் தமிழ் இடம் தருகிறது. அந்த வசதியை விட்டுக்கொடுப்பதாக இல்லை. படிக்கும்போது நீங்கள் தள்ளாடியவராக யாரை எண்ணிக்கொண்டீர்கள், எந்த வரியில் அதை முடிவு செய்தீர்கள் என்று வேண்டுமானால் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். மேல்முகாமுக்கே போய்விடலாம் என்று முதலில் சொன்னது யார் என்பதில் எங்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. அது வீட்டு விவகாரம்.