மலேரியா மாத்திரையும் இதயப் பூச்சாண்டியும்

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் காரமாத்தான் எழுதப்போறேன். "குளோரோகுயின் சாப்பிட்டா இதயம் நின்னுடும்"ங்கிற ரீதியில வாட்ஸப்பில் வர்ற சங்கதிகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு. விவரம் தெரிஞ்சவங்களே, "ஆமாங்க, 2020-ல அமெரிக்காவே தடை பண்ணிடுச்சே"ன்னு தலையாட்டறாங்க.

அமெரிக்கா தடை பண்ணினது எதை? கோவிட்டுக்குன்னு மார்ச் 28-ல் கொடுத்த அவசர அனுமதியை ஜூன் 15-ல் வாபஸ் வாங்கினாங்க. அவ்வளவுதான். மலேரியாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

அப்ப இதயத்துக்கு ஆபத்தே இல்லையா? இருக்கு. ஆனா அது மாரடைப்பு இல்லை, தாளம் தப்புற பிரச்சனை. ஒவ்வொரு துடிப்பிலும் இதயத் தசையில மின்னோட்டம் கிளம்பி அடங்குற நேரத்துக்கு ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளின்னு பேர். குளோரோகுயின் மாதிரி மருந்துகள் அதைக் கொஞ்சம் நீட்டும். ரொம்ப நீண்டா தாளம் கெடும், அபூர்வமா உயிரே போகும்.

இங்கதான் அளவு முக்கியம். மலேரியாவுக்கு ஒரு பெரியவருக்கு மூணு நாளில் மொத்தம் 1.5 கிராம் குளோரோகுயின். 2020-ல் பிரேசிலின் மனாஸ் நகரத்துல கோவிட் நோயாளிகள்ல ஒரு பிரிவுக்குத் திட்டமிட்டது, பத்து நாளில் 12 கிராம். எட்டு மடங்குங்க! கூடவே க்யூ.டி.யை நீட்டுற அசித்ரோமைசின் வேற. அந்தப் பிரிவுல இறப்பு அதிகமாகி பாதியிலேயே நிறுத்தினாங்க. எட்டு மடங்கு உப்பு போட்டுட்டு சாம்பாரைத் திட்டினா எப்படி?

நிஜமாவே மோசமான மருந்தும் உண்டு. ஹாலோஃபான்ட்ரின். தாய்லாந்து-பர்மா எல்லையில் நடந்த ஆய்வு 1993-ல் லான்செட்டில் வந்தது. க்யூ.டி. கண்டபடி நீண்டது அதுல அம்பலமாச்சு. ஆனா அந்த ஒண்ணை வெச்சு எல்லாத்தையும் தூக்குல போடலாமா? பைப்பராகுயின் கூட்டு மருந்தும் க்யூ.டி.யை நீட்டும்தான். ஏறக்குறைய 2 லட்சம் பேர் சாப்பிட்ட ஆய்வுகளை 2018-ல் தொகுத்துப் பார்த்தப்போ, மருந்தால இருக்கலாம்னு சந்தேகப்பட்ட திடீர் இதயச் சாவு ஒண்ணே ஒண்ணு.

இன்னொண்ணு. காய்ச்சல் இறங்கி நாடி நிதானமானா, மருந்து இல்லாமலே க்யூ.டி. நீளும். அந்தப் பழியும் மாத்திரை தலையிலதான் விழுது.

இப்ப தராசின் அடுத்த தட்டைப் பாருங்க. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2023-ல் மலேரியாவுக்குப் பலியானவங்க சுமார் 5,97,000 பேர். ஆப்பிரிக்காவில் செத்தவங்கள்ல நாலுல மூணு பேர் அஞ்சு வயசு நிரம்பாத குழந்தைங்க. வாட்ஸப்பை நம்பி ரெண்டாம் நாளே மாத்திரையை நிறுத்தறவர் இதயத்தைக் காப்பாத்தலை, கிருமியைத்தான் காப்பாத்தறார்.

பயப்படறதுக்குப் பதிலா டாக்டர்கிட்ட மூணு விஷயம் சொல்லுங்க. குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா? வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க? வாந்தி, பேதி அதிகமா? (பொட்டாசியம் குறைஞ்சா ஆபத்து கூடும்.) ஈ.சி.ஜி. தேவையான்னு அவர் முடிவு பண்ணட்டும், வாட்ஸப் மாமா வேண்டாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. அதனாலதான் டாக்டரைக் கேளுங்கன்னு சொல்றேன். ஆட்டோ அனுப்ப நினைக்கிறவங்க பின்னூட்டத்துல வரிசையா வரவும் :-)