முப்பத்தாறே முப்பத்தாறு!

பெல்பாட்டம் திரும்பி வந்தது. கிருதா வந்தது. இப்போது பிலிம் காமிராவும் வந்துவிட்டது.

மொபைலில் நாலாயிரம் படம் வைத்திருக்கிற ஆபீஸ் பையன்கள் எல்லாம் திடீரென்று, "சார், டூர் போறேன். ரோல் போடற காமிரா ஒண்ணு சொல்லுங்க. சின்னதா, சட்டைப் பையில வெக்கற மாதிரி" என்று ஆரம்பித்துவிட்டார்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேர் தெருமுனை ஸ்டூடியோக்கள் ஜெராக்ஸ் கடையாக மாறிக்கொண்டிருந்தபோது அரை டிராயர் போட்டிருந்தவர்கள். நான் முப்பதைத் தாண்டியவன். ரோல் காலத்தின் வாலையாவது பிடித்தவன் என்கிற மரியாதையில் என்னைக் கேட்கிறார்கள்.

நான் படித்தது பி.காம். எனவே காமிரா என்றாலும் முதலில் கணக்குதான். காமிரா விலை மூலதனச் செலவு. ஒரே தடவை அழுதுவிட்டு மறந்துவிடலாம். ரோல் விலை, கழுவுகிற கூலி, ஸ்கேன் கூலி இந்த மூன்றும் நடப்புச் செலவு. ஒவ்வொரு 'க்ளிக்'குக்கும் ஆட்டோ மாதிரி மீட்டர் ஓடும். (ஆட்டோவில் மீட்டர் எங்கே ஓடுகிறது என்று மடக்காதீர்கள்.) ஒரு காலத்தில் நம் ஊட்டியிலேயே, 1960-ல் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்று ரோல் தயாரித்தது. அது இழுத்து மூடியாகிவிட்டது. இன்றைக்குக் கடையில் கிடைக்கிற கலர் ரோல் வெளிநாட்டுச் சரக்கு. விலையும் அதற்கேற்ற மாதிரிதான். ஆகவே காமிராவில் மொத்தப் பணத்தையும் கொட்டிவிட்டு ரோல் வாங்கக் கடன் கேட்டு வராதீர்கள்.

கொட்டுகிறார்கள். முக்கியமாக கான்டாக்ஸ் டி2 என்கிற காமிராவில். 1990-ல் வந்தது. டைட்டானியம் உடம்பு, ஜெய்ஸ் லென்ஸ், அழகான காமிராதான், மறுக்கவில்லை. 2017-ல் அமெரிக்க டி.வி. நிகழ்ச்சி ஒன்றில் கெண்டல் ஜென்னர் என்கிற மாடல் அழகி அதைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். அவ்வளவுதான், விலை மாடி ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆனால் அதைத் தயாரித்த க்யோசெரா கம்பெனி 2005-லேயே காமிராத் தொழிலுக்குக் கும்பிடு போட்டாகிவிட்டது. உள்ளே முழுக்க எலெக்ட்ரானிக்ஸ். சர்க்யூட் போனால் ஸ்பேர் கிடையாது. மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கின பேப்பர் வெயிட்!

இன்னொரு பொறி ஜூம். "38-லேர்ந்து 140 வரைக்கும் இழுக்குது சார்" என்று சந்தோஷப்படுவார்கள். இழுக்கும். இழுக்க இழுக்க உள்ளே வருகிற வெளிச்சம் குறையும் என்பதை விற்கிறவர் சொல்லமாட்டார். நல்ல ஒற்றை லென்ஸ் காமிராவில் வாய் எஃப் 2.8 அகலம் திறக்கும். சின்ன ஜூம் காமிராவில் கடைசி வரை இழுத்தால் எஃப் 11. நடுவில் நாலு படி. படிக்குப் பாதி என்று கணக்குப் போட்டால் பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம். மொட்டை வெயிலில் சமாளிக்கும். சாயங்காலம் என்றால் படம் ஆடும், இல்லை ஃப்ளாஷ் அடித்து எல்லோர் மூஞ்சியும் சுண்ணாம்பு. தூரத்தில் இருப்பது பெரிதாக வேண்டுமென்றால் நாலு அடி முன்னால் நடங்கள். செலவில்லை.

போன மாதம் வந்து கேட்ட இன்ஷூரன்ஸ் கம்பெனி நண்பரின் கதை கொஞ்சம் வேறு. அப்பா அம்மாவைக் காசிக்கு அழைத்துப் போகிறார். அப்பாவுக்கு எழுபத்திநாலு. வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றே ஒன்றுதான் சுவரில் இருக்கிறதாம். 1991-ல் மகாபலிபுரத்தில் யாரோ இரவல் காமிராவில் எடுத்துக் கொடுத்தது. அதற்கப்புறம் எடுத்ததெல்லாம் மூன்று மொபைல்களோடு போயே போய்விட்டது. "இந்தத் தடவை கையில பிடிச்சுப் பார்க்கற மாதிரி பத்துப் படம் வேணும் சார். மறுபடி போவோமான்னு தெரியாது" என்றார்.

இப்படிப்பட்டவருக்கு ஃபேஷன் காமிராவைச் சொல்ல மனசு வராது. போன இடத்தில் மக்கர் பண்ணாதது எது என்றுதான் பார்க்க வேண்டும். நான் சொன்னது ஒலிம்பஸ் ட்ரிப் 35. பெயரிலேயே டூர் இருக்கிறது. 1967-லிருந்து 1984 வரை தயாரித்துத் தள்ளினார்கள். பாட்டரியே கிடையாது! லென்ஸைச் சுற்றி இருக்கிற செலினியம் வளையம் வெளிச்சத்தில் தானே மின்சாரம் உண்டாக்கிக்கொண்டு வெளிச்சத்தை அளக்கிறது. ஷட்டருக்கு இரண்டே வேகம், நாற்பதில் ஒரு செகண்டு, இருநூறில் ஒரு செகண்டு. அதுவே பார்த்துப் போட்டுக்கொள்ளும். உங்கள் வேலை தூரத்தைச் சொல்வது மட்டும். அதற்கும் பொம்மை போட்டிருக்கிறான். ஒரு தலை என்றால் கிட்டத்தில், மலை என்றால் தூரத்தில். வெளிச்சம் போதாவிட்டால் வ்யூஃபைண்டரில் சிவப்பாக ஒரு நாக்கை நீட்டிவிட்டு வேலை நிறுத்தம் செய்துவிடும். ரோல் மிச்சம்.

குறையும் உண்டு. கனம். சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் இறங்கும். ராத்திரி கங்கா ஆரத்தி இதற்கு ஆகாது. நாக்குதான் நீட்டும். விடிந்த பிறகு படகில் அப்பா அம்மாவை உட்கார வைத்து எடுக்க, 400 ஸ்பீடு ரோல் போட்டால் தாராளம். விஸ்வநாதர் கோயிலுக்குள் காமிரா, மொபைல் எதுவுமே விடமாட்டார்கள், அந்தக் கவலை இல்லை.

நிஜமாகவே சட்டைப் பையில்தான் வைப்பேன் என்றால் அதே கம்பெனியின் எக்ஸ்.ஏ. இருக்கிறது. 1979. யோஷிஹிசா மைதானி என்கிற மேதை வடிவமைத்தது. லென்ஸுக்கு மூடி, உறை எதுவும் வேண்டாம். சோப்புப் பெட்டி மாதிரி நகர்த்தினால் திறக்கும், நகர்த்தினால் மூடும். பொத்தான் பாட்டரி இரண்டு வேண்டும், ஜோடியாக ஸ்பேர் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மனசுக்குப் பிடித்தது இதுதான். ஆனால் சர்க்யூட் போனால் சரி பண்ண ஆள் தேட வேண்டும் என்பதால் நண்பருக்குச் சொல்லவில்லை.

'பழசெல்லாம் வேண்டாம், புதுசுதான் வேணும்' என்பவர்களுக்கு 2024-ல் வந்த பென்டாக்ஸ் 17. அரை ஃப்ரேம். முப்பத்தாறு ரோலில் எழுபத்திரண்டு படம். என் மாதிரி பி.காம்.களுக்குக் கண்ணில் நீர் வரும். இந்தச் சிக்கனத்தை மைதானி 1959-லேயே ஒலிம்பஸ் பென் காமிராவில் செய்தார். விற்கிற விலை ஆறாயிரம் யென்தான் என்று வைத்துக்கொண்டு, லென்ஸில் மட்டும் கஞ்சத்தனம் பண்ண மறுத்துவிட்டார். பென்டாக்ஸுக்கு அமெரிக்காவில் ஐந்நூறு டாலர் வைத்தார்கள். அந்தக் காசுக்கு அப்பா அம்மாவோடு பெண்டாட்டியையும் காசிக்கு அழைத்துப் போகலாம்.

பழைய காமிரா வாங்குவது பழைய ஸ்கூட்டர் வாங்குவது மாதிரி. மெக்கானிக்கை அழைத்துப் போங்கள், இல்லாவிட்டால் ஒரு டார்ச்சையாவது. பின்கதவைத் திறந்து லென்ஸ் வழியே அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. கடற்கரை ஊர்க் காமிராக்களுக்கு இது குலநோய். கதவோரத்தில் இருக்கிற கறுப்பு நுரைப் பட்டை விரலில் பிசுபிசு என்று ஒட்டினால் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் கசியும். ட்ரிப் 35 என்றால் ஆட்டோவில் வைத்து, லென்ஸைக் கையால் பொத்தி அமுக்குங்கள். நாக்கு வரவேண்டும். ஜன்னல் பக்கம் திருப்பி அமுக்குங்கள். 'க்ளிக்' கேட்கவேண்டும். இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் செலினியம் செத்துவிட்டது. 'சார்ஜ் பண்ணா சரியாயிடும்' என்று கடைக்காரர் சொன்னால் நமஸ்காரம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வாங்கினதும் நேராக ஸ்டேஷனுக்கு ஓடாதீர்கள். ஒரு ரோலை உள்ளூரிலேயே எடுத்துத் தீர்த்து, கழுவிப் பாருங்கள். காசு தண்டம் என்று நண்பர் முகம் சுளித்தார். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ரோல் போட்டதும் கவனிக்க வேண்டியது ஒன்று: நீங்கள் வைண்ட் பண்ணும்போது அந்தப் பக்கத்து ரீவைண்டு குமிழும் கூடவே சுற்றவேண்டும். சுற்றாவிட்டால் பிலிம் மாட்டவில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் என் சித்தப்பா எடுக்க எடுக்க ரோல் தீரவில்லை. முப்பத்தாறு, நாற்பது, நாற்பத்தைந்து... 'கம்பெனிக்காரன் தாராளமாத்தான் குடுத்திருக்கான்' என்று பூரித்துப் போனார். கதவைத் திறந்தால் ரோல் கடையில் வாங்கின மேனிக்கு அப்படியே இருந்தது.

விமானத்தில் போகிறவர்கள் ரோல்களைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது, அந்த எக்ஸ்-ரே பொல்லாதது. கைப்பை மெஷின்களிலும் இப்போது சி.டி. ஸ்கேன் ரகம் வந்துகொண்டிருக்கிறது, ஒரு தடவை போய் வந்தாலே பிலிம் மங்கலாம். ரோல்களைக் கண்ணாடிக் கவரில் போட்டு, "கையால பார்த்துடுங்க சார்" என்று இந்தியிலோ இங்கிலீஷிலோ பணிவாகக் கேளுங்கள். நண்பர் ரயிலில் போகிறார். அவருக்கு இருக்கிற ஒரே ஆபத்து மேல் பர்த்.

கடைசியாக லேப். கழுவித் தருகிற லேப்கள் குறைந்துவிட்டன, கூரியரில்கூட அனுப்பவேண்டி வரலாம். படத்தை ஈமெயிலில் அனுப்பிவிட்டு நெகட்டிவ்வைத் திருப்பித் தருகிற வழக்கம் சில இடங்களில் இல்லை. ஒழுங்காகக் கேட்டு வாங்குங்கள். கூடவே பத்துப் படமாவது பிரிண்ட். அப்பாவிடம் அதை வாட்ஸ்அப்பில் காட்டினால், "சரி, எப்ப வரும்?" என்று கேட்பார்.